நாற்பதாம் நாளுக்குப் பின்

கற்பிட்டிக் குடாநாட்டில் மகப்பேறு நிகழ்ந்த வீட்டிற்கென ஒரு தனிக் கணக்கு உண்டு. முஸ்லிம் இல்லங்களில் அது 40 நாட் கணக்கு. சைவ இல்லங்களில் 31 நாட் கணக்கு. அதுவரை தாய்க்கு வெந்நீர்க் குளிப்பும் சரக்குக் கறியும் பத்தியமும் உண்டு. பாரமான வேலை இல்லை. குறித்த நாளில் தலைமுழுகி, வீடு கழுவி, தாயானவள் மீண்டும் அடுக்களைக்குட் புகுவாள். அன்றோடு பேறுகாலம் என்னும் அதிகாரம் மூடப்படுகின்றது.

மேனாட்டு மருத்துவத்தின் கணக்கும் இதற்குச் சேய்மையில் இல்லை. கருவுற்ற காலத்திலும், அது முடிந்து 42 நாட்களுக்குள்ளும் அதன் காரணமாக நிகழும் சாவையே 'தாய்மைச் சாவு' என உலகப் புள்ளிவிவரம் கொள்கின்றது. நம் பாட்டிமாரும் புள்ளிவிவர நிபுணரும் ஏறக்குறைய ஒரே எல்லையில் வந்து நிற்பது வியப்பன்றோ! ஆனால், தாயின் குருதிக் குழாய்கள் இவ்விரு கணக்குகளையும் அறியா.

இக்கட்டுரை கூறவரும் செய்தி ஒன்றே. கருவுற்ற காலத்திற் குருதியமுக்கம் ஏறித் துன்புற்ற ஒரு தாய்க்கு அவ்வரலாறு நாற்பதாம் நாளோடு முடிவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அவளுடைய இதயத்தையும் மூளையையும் பற்றி எழும் கேள்விகளுக்கு விடையின் ஒரு பகுதி அவ்வரலாற்றிலேயே இருக்கின்றது. யான் மருத்துவன் அல்லேன்; இலக்கணம் கற்பிப்பவன். எனினும், மருத்துவ அறிஞர் ஆராய்ந்து கண்டதைத் தாய்மார் அறியும் மொழியிற் சொல்லுதல் ஆசிரியன் கடமையுள் அடங்கும் என எண்ணுகின்றேன்.

பெயரில் உள்ள குறை

இந்நோய்க்கு மருத்துவ நூலார் வழங்கும் தமிழ்ப் பெயர் முன்சூல்வலிப்பு. ஆங்கிலத்தில் 'பிரி எக்ளாம்சியா' என்பர். 'எக்ளாம்சியா' என்பதன் வேர் கிரேக்க மொழியிலுள்ளது. மின்னல்போற் சடுதியாகப் பளிச்சிடுதல் என்பது அதன் பொருள். நலமாக இருந்த கர்ப்பிணிக்குத் திடீரென வலிப்பு வருதலைக் கண்ட பண்டையோர் அதனை மின்னலுக்கு ஒப்பிட்டனர். நம் ஊர் முதியோர் அதையே 'சன்னி' என்றனர். அவ்வலிப்புக்கு முற்பட்ட நிலையே முன்சூல்வலிப்பு.

பெயர் ஒரு பொருளைச் சுட்டும்போதே அதற்கு எல்லையும் இட்டுவிடும். இந்நோயின் பெயரில் 'முன்' என்னும் அடை இருக்கின்றது, 'பின்' இல்லை. வலிப்பு வருமுன் தடுத்துவிட்டால், பிள்ளை பிறந்துவிட்டால், யாவும் தீர்ந்தன என்னும் எண்ணத்தை அப்பெயரே ஊட்டுகின்றது. பேற்றின் பின் பெரும்பாலாருக்குச் சில வாரங்களிற் குருதியமுக்கம் தணிந்துவிடுவதும் உண்மையே. மின்னல் மறைந்ததும் வானம் வெளித்தது என்று கருதுவார் போல நாமும் அமைதியடைந்துவிடுகின்றோம்.

மானிப்பாயிலிருந்து பணிசெய்த அமெரிக்க மருத்துவர் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1857இலேயே மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழிற் கொணர்ந்தார். தமிழாற் சொல்ல இயலாதது மருத்துவத்தில் யாதுமில்லை என்பதை அவர் அன்றே காட்டினார். ஆதலின், இந்நோயின் பின்வரலாற்றையும் நாம் தமிழிற் சொல்லிப் பார்ப்போம்.

நோய் பிறக்கும் வழி

கரு பதிந்த தொடக்க வாரங்களில், கருப்பைச் சுவரிலுள்ள சுருண்ட நுண்குழாய்களை நச்சுக்கொடியின் உயிரணுக்கள் ஊடுருவி அகலச் செய்கின்றன. ஒடுங்கிய ஓடைகள் அகன்ற வாய்க்கால்கள் ஆனாற்போலக் குழந்தைக்குத் தடையின்றிக் குருதி பாய்கின்றது. சிலரிடத்தில் இவ்வேலை அரைகுறையாக நின்றுவிடும். போதிய குருதி பெறாத நச்சுக்கொடி, தாயின் உடலிற் சில புரதங்களை மிகுதியாக விடும். அவை அவளுடைய குருதிக் குழாய்களின் உட்புறத்துள்ள மெல்லிய படலத்தைப் பழுதாக்கும். படலம் பழுதுற்றால் குழாய்கள் இறுகும், அமுக்கம் ஏறும், சிறுநீரிற் புரதம் கசியும், ஈரலும் மூளையும் சிறுநீரகமும் தாக்குறும்.

இருபதாவது வாரத்தின் பின், அமுக்கம் 140/90 என்னும் அளவை எட்டினால் மருத்துவர் விழிப்படைவர். ஓயாத தலையிடி, கண்முன் பொறி பறத்தல், மேல்வயிற்று நோவு, முகமும் கைகளும் சடுதியாக வீங்குதல் ஆகியன அபாய அறிகுறிகள். உலகளவில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்நோய்க்கு ஆளாகின்றன என்பர். உடல்வலிமை இதற்குக் காப்பன்று. ஒலிம்பிக் ஓட்ட வீராங்கனை அலிசன் பீலிக்ஸ், 2018இல் இந்நோய் கடுமையாகத் தாக்கியமையால் 32ஆம் வாரத்திலேயே அறுவை மூலம் மகவு ஈன்றார்.

நெடுங்காலமாக மருத்துவரின் முயற்சி முழுவதும் தாயையும் சேயையும் உயிரோடு வீடு சேர்ப்பதிலேயே நின்றது. வலிப்புற்ற கர்ப்பிணிகளின் சிறுநீரிற் புரதம் உண்டென்பதை இலண்டனில் ஜோன் லீவர் 1843இற் கண்டார். கையிற் பட்டி கட்டிக் குருதியமுக்கம் அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா ரொச்சி 1896இல் அமைத்தார். மக்னீசியம் சல்பேற்று என்னும் எளிய உப்பு மருந்து, வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கும் என்பது, 33 நாடுகளில் ஏறக்குறைய 10,000 பெண்களிடையே நடந்த ஆய்வினால் 2002இல் நிலைநாட்டப்பட்டது. இவை யாவும் போற்றத்தக்க வெற்றிகள். ஆயினும், வீடு சேர்ந்த தாய் பின்னர் என்ன ஆனாள் என்னும் கேள்வி பின்தங்கியே நின்றது.

பின்சென்று பார்த்தவர்கள்

அக்கேள்வியை விடாது தொடர்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் லியோன் செஸ்லி. நியூ ஜேர்சியிலுள்ள மார்கரெட் ஹேக் பேற்று மருத்துவமனையில் 1931 முதல் 1951 வரை வலிப்புற்றுப் பிழைத்த பெண்களை அவர் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். முதற் கர்ப்பத்தில் வலிப்புற்றோர் பிற்காலத்தில் ஏனையோரைவிடப் பெரிதும் துன்புறவில்லை என்பது அவர் கண்ட முடிவு. மருத்துவ உலகம் அதனால் ஆறுதலடைந்தது.

ஆனால், சில நூறு பேரைப் பார்ப்பது வேறு. ஒரு நாட்டின் தாய்மார் அனைவரையும் பார்ப்பது வேறு. வட ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொரு பேற்றையும் ஒவ்வொரு சாவையும் பதிவேட்டிற் குறித்துவருவன. அவ்வேடுகளைப் புரட்டியபோதுதான் மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டது. முன்சூல்வலிப்பினாற் குறைமாதத்தில் மகவு ஈன்ற தாய்மார், இந்நோயின்றி நிறைமாதத்தில் ஈன்றோரைவிட இதய, குருதிக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 8 மடங்கு என நோர்வே நாட்டு ஆய்வு 2001இற் கூறிற்று. 2007இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஏறக்குறைய 35 இலட்சம் பெண்களை உள்ளடக்கியது. அவருள் இந்நோயுற்றோர் 2 இலட்சம் பேர்வரை. நோயுற்றோர்க்குப் பிற்காலத்தில் உயர் குருதியமுக்கம் வரும் வாய்ப்பு 3.7 மடங்கு, மாரடைப்பு முதலிய இதயக் குழாய் நோய்கள் இரு மடங்கு, பாரிசவாதம் 1.8 மடங்கு. இதயம் சோர்வுற்றுக் குருதியைச் செலுத்த இயலாதுபோகும் நிலை 4 மடங்கு என 2017இல் மற்றொரு தொகுப்பாய்வு கண்டது.

மூளையின் நிலை என்ன? டென்மார்க்கில் 1978 முதல் 2015 வரையுள்ள பதிவேடுகளை ஆராய்ந்தோர் 2018இல் தம் முடிவை வெளியிட்டனர். மூளையின் குருதிக் குழாய்கள் பழுதுறுவதால் வரும் மறதிநோய், முன்சூல்வலிப்புற்ற பெண்களிடம் 3 மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. மூளைக்குட் செல்லும் நுண்குழாய்களும் உடலெங்கும் ஓடும் குழாய்களின் கிளைகளே என்பதை நினைந்தால் இதில் வியப்பில்லை. 2011இல் அமெரிக்க இதயச் சங்கம், பெண்களின் இதயநோய் ஆபத்துக்களை வரிசைப்படுத்துகையில், முன்சூல்வலிப்பு வரலாற்றையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

மடங்கு என்னும் சொல்லைக் கண்டு மருளுதல் கூடாது. நூறு பேரில் இருவருக்கு வரும் நோய் இரு மடங்காயின் நால்வருக்கு வரும். எஞ்சிய 96 பேருக்கு வாராது. ஆகவே, இது விதி அன்று, எச்சரிக்கை. அதுவும் நாற்பது வயதுக்கு முன்னரே கிடைக்கும் எச்சரிக்கை. மாரடைப்பைப் பற்றி ஆண்களுக்கு உடல் இத்துணை முன்கூட்டி அறிவிப்பது அரிது.

கர்ப்பம் குழாய்களுக்கு ஊறு செய்கின்றதா, அன்றி முன்பே மறைந்திருந்த நலிவை வெளிக்காட்டுகின்றதா என்பது அறிஞரிடையே இன்றும் வழக்கிலுள்ள வினா. கர்ப்பம் ஒரு கட்டளைக்கல்; பொன்னின் மாற்று அதில் உரைத்தபோது தெரிகின்றது என்பர் ஒரு சாரார். உரைத்தலாலும் பொன் சிறிது தேய்கின்றது என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டெனத் தோன்றுகின்றது. எதுவாயினும், தாய்க்கு அதனாற் பெறப்படும் கடமை ஒன்றே: குருதியமுக்கத்தை மறவாது பார்த்துவருதல்.

கற்பிட்டித் தாய்மார்

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் இரு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. அவன் தாய்க்குப் பாரிசவாதம் என்றறிந்து வீட்டிற்குச் சென்றேன். தாய்க்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. வலக்கை விழுந்துவிட்டது, மகனின் பெயரைச் சொல்லவும் நா எழவில்லை. அருகிலிருந்த முதியவள், "மூத்த பிள்ளைக்கும் இப்படித்தான் மாஸ்டர், இவளுக்குச் சன்னி வந்து மூன்று நாள் நினைவில்லாமற் கிடந்தாள். அல்லாஹ் தப்ப வைத்தான்" என்றார். இச்செய்தியை மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அது பிள்ளைப்பேற்றுக் கதைதானே, மாஸ்டர். அதை எதற்குச் சொல்லுவது?" என்றார். கடைசிப் பிள்ளையின் கிளினிக் முடிந்தபின் பத்தாண்டுகளுக்கு மேலாக அத்தாயின் கையில் எவரும் அமுக்கப் பட்டி கட்டியதில்லை. ஒரு தனிப்பெண்ணின் நோய்க்கு இதுவே காரணமென அறுதியிட எவராலும் இயலாது. ஆனால், அந்தப் பத்தாண்டு மௌனம் தவிர்த்திருக்கக்கூடியது.

இக்குடாநாட்டில் அம்மௌனத்திற்குத் தனிக் காரணங்களும் உள. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில், இக்குடாநாடு உட்படப் பல இடங்களிற் குடியேறினர். மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருபது வயதில் முதற் பிள்ளையைப் பெற்று, கைக்குழந்தையோடு வந்து சேர்ந்த தாய்க்கு இன்று ஐம்பத்தைந்து வயதிற்கு மேலாகின்றது. இதயமும் மூளையும் கணக்குக் கேட்கத் தொடங்கும் வயது அது. வீட்டையும் உடைமையையும் விட்டு வந்தவர்கள் மருத்துவ ஏடுகளையா கட்டிக் கொணர்ந்திருப்பர்? அவர்தம் பேற்று வரலாறு அவர் நினைவில் மட்டுமே உண்டு. மீன்பிடிக் குடும்பங்களின் நிலையும் இதனை ஒத்ததே. பருவக்காற்று மாறுந்தோறும் பத்தலங்குண்டு முதலிய தீவுகளுக்கும் தம் ஊருக்குமிடையே வாடி மாறுவோர்க்கு, ஒரே கிளினிக்கில் ஆண்டுதோறும் பெயர் நிலைத்தல் எளிதன்று.

உப்பும் கருவாடும் இக்கரையின் செல்வம். உப்பைக் குறைப்பதால் முன்சூல்வலிப்பைத் தடுக்கலாம் என்பதற்குச் சான்று இல்லை. கர்ப்பிணியை உப்பில்லாப் பத்தியத்தில் வைத்தல் வேண்டா. ஆனால், பேற்றின் பின் வரும் நீண்ட வாழ்க்கையில், உப்பு மிகுதி அமுக்கத்தை ஏற்றும் என்பதில் ஐயமில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவே, உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடு சேர்ந்த கறியில் அவ்வளவு எத்தனை கவளத்தில் அடங்கிவிடும் என்பதை இல்லத்தரசியரே அறிவர்.

இருக்கும் வழிகள்

இலங்கை தாய்மைப் பாதுகாப்பில் உலகம் மெச்சும் நாடு. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. 1940களின் நடுவில் ஓரிலட்சம் பேறுகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நிலை மாறி, அண்மைக் காலத்தில் அது முப்பது, நாற்பது என்னும் அளவுக்கு இறங்கியது. இவ்வெற்றியிற் பெரும்பங்கு, வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தராகிய மருத்துவமாதருக்கு உரியது. கர்ப்பிணியின் அமுக்கம், சிறுநீர், எடை யாவும் அவர் கைப்பட்ட ஏட்டிற் பதிவாகின்றன. கல்சியம் மாத்திரையும் கிளினிக்கிற் கிடைக்கின்றது. உணவிற் கல்சியம் குறைந்த தாய்மாருக்கு அது இந்நோயின் வாய்ப்பையும் குறைக்கும்.

பேற்றுக்குப் பின்னும் வழிகள் இல்லாமலில்லை. 1996இல் நாட்டிற் பெண்களுக்கான நலப் பரிசோதனைக் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. 35, 45 வயதுப் பெண்கள் சிறப்பாக அழைக்கப்படுகின்றனர். 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் உள. அமுக்கம், குருதிச் சீனி முதலியன ஆங்குக் கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. குறை எங்கேயெனின், நாற்பதாம் நாளுக்கும் முப்பத்தைந்தாம் வயதுக்கும் இடையில் உள்ளது. இருபத்திரண்டில் நோயுற்ற தாய்க்குப் பதின்மூன்று ஆண்டு இடைவெளி. அவ்விடைவெளியை நிரப்ப வேண்டியவர் தாயும் அவள் குடும்பத்தாருமே.

செய்யத்தக்கன சில. முதலாவது, கிளினிக் ஏட்டை எறியாதீர்கள். பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதியோடும் அதனையும் வையுங்கள். ஏடு தொலைந்தவர் நினைவிலுள்ளதை ஒரு தாளில் எழுதிவைக்கலாம்: எத்தனையாவது பிள்ளை, எந்த ஆண்டு, எந்த மாதத்திற் பிறந்தது, வலிப்பு வந்ததா என்பன போதும்.

இரண்டாவது, பேற்றின் பின் முதல் வாரத்திலேயே அமுக்கம் மீண்டும் உச்சமடையக்கூடும். ஆறு வாரம்வரை வலிப்பும் வரக்கூடும். ஆகவே, அக்காலத் தலையிடியைச் சரக்குத் தூளாலும் கசாயத்தாலும் ஆற்றிக்கொள்ள முயலாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். ஒக்ஸ்போட்டில் 220 தாய்மாரிடையே நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்று இங்கே குறிப்பிடத்தக்கது. பேற்றின் பின் வீட்டிலேயே நாடோறும் அமுக்கம் அளந்து, அதற்கேற்ப மருத்துவர் மருந்தை ஒழுங்குசெய்த தாய்மாருக்கு, ஏறக்குறைய ஒன்பது மாதத்தின் பின்னும் அமுக்கத்தின் கீழெண் ஏனையோரைவிட 5 அலகுக்கு மேற் குறைந்திருந்தது. தொடக்க வாரங்களின் கவனம் பின்னரும் பயன் தருகின்றது என்பதற்கு இது நற்சான்று.

மூன்றாவது, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அமுக்கத்தைப் பார்த்தல் வேண்டும். சீனி, கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவற்றையும் மருத்துவர் கூறும் இடைவெளியிற் சோதித்தல் வேண்டும். நடத்தலும், உப்புக் குறைத்தலும், வெற்றிலையோடு புகையிலை ஒழித்தலும் எவருக்கும் நன்று, இத்தாய்மாருக்கு இன்றியமையாதவை. நான்காவது, மீண்டும் கருவுறின் முதற் கிளினிக்கிலேயே பழைய வரலாற்றைச் சொல்லுதல் வேண்டும். மூன்றாம் மாத முடிவளவில் தொடங்கும் சிற்றளவு அஸ்பிரின் நோய் திரும்புவதைக் குறைக்கும். ஆனால், அதைத் தருதல் மருத்துவர் தீர்மானம்.

ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும்

'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலால் நம் புலவர் வரலாற்றைக் குறித்துவைத்த சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்த ஊர் இக்கற்பிட்டியே. 1834இல் இலங்கையின் ஊர்களை அகரநிரலிற் பதிந்தவரும் அவரே. எழுதிவையாதது அழியும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஊர்களுக்கும் புலவர்களுக்கும் அவர் செய்ததை, நம்மை ஈன்றவளுக்கு நாம் செய்தல் அரிதோ?

மாணாக்கர்காள்! இவ்வார இறுதியில் உங்கள் அன்னையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "உம்மா, அம்மா, நான் வயிற்றில் இருந்தபோது உங்களுக்கு அமுக்கம் ஏறியதா?" என்று கேளுங்கள். ஆம் எனின், அதனை எழுதிக்கொண்டு அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்; மருத்துவர் கேட்கும்வரை காத்திராது நீங்களே சொல்லுங்கள். முகம் கோணுதல், கை தளர்தல், நாக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினும் அந்தக் கணமே மருத்துவமனை செல்ல வேண்டும் என்பதையும் நெஞ்சிற் கொள்ளுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியோடு மாத்திரமன்றி, மூச்சுமுட்டல், குமட்டல், தாடை நோவு, காரணமற்ற களைப்பு என்னும் வடிவிலும் வரலாம்.

ஆசிரிய நண்பர்கள் பெற்றார் கூட்டத்தில் இதனைச் சொல்லலாம். பள்ளிவாசலிலும் கோயில் முன்றிலிலும் தலவில அன்னம்மாள் திருத்தலத்தில் திரளும் பெருங்கூட்டத்திலும் பெரியோர் எடுத்துரைக்கலாம். நம் பாட்டிமார் வகுத்த நாற்பது நாட் பேணுதல் உயர்ந்தது. அதனைக் கைவிடல் வேண்டா. கணக்கை மட்டும் நீட்டுவோம். நாற்பதாம் நாளிற் பிள்ளைக்குப் பெயரும் தாய்க்கு முழுக்கும் ஆனபின், ஆண்டுதோறும் பிள்ளையின் பிறந்தநாள் வருகின்றதன்றோ? தாயின் குருதியமுக்கத்தைப் பார்க்கும் நாளாகவும் அதனையே வைத்துக்கொள்ளலாம். அந்நாளை எந்தத் தாயும் மறவாள்.